அப்பாவிடம் ஒரு கேள்வி

ஞாயிறு, இரவு.

இன்று மாலை எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில், நாடாளுமன்றம் எப்படி நடக்கிறது என்று, கல்லூரியில் அரசியல் அறிவியல் படிக்கும் நான் எல்லோருக்கும் விளக்கினேன். ஏற்பாடு செய்தவர் அப்பா. குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்தான். அந்தப் பதவிக்கு அவரை எதிர்த்து நின்று தோற்ற சரளா ஆன்ட்டி, இப்போது செயற்குழுவில் வெறும் உறுப்பினர். கூட்டங்களில் வாயே திறப்பதில்லை. இன்று அவர்தான் கேட்டார்.

"எதிர்க்கட்சி எதுக்கு மா? தோத்தவங்களுக்கு அங்க என்ன வேலை?"

"அவங்களும் தொகுதியில ஜெயிச்சு வந்தவங்கதான் ஆன்ட்டி. கேள்வி கேக்கறது அவங்க வேலை. மந்திரி பதில் சொல்லியாகணும்."

ஆன்ட்டி அப்பா பக்கம் திரும்பினார்.

"அப்போ கேக்கறேன் அண்ணா. லிஃப்ட் எப்ப ஓடும்? கால் முடியாத எங்க வீட்டுக்காரர் வெளிய வந்தே ஒரு மாசமாச்சு."

பின்னால் யாரோ, "தோத்த கோபம் இன்னும் போகல போல," என்றார். சிரிப்பு எழுந்தது.

"பாத்துக்கிட்டிருக்கோம்" என்பதுதான் அப்பா வழக்கமாகச் சொல்வது. இன்று எழுந்து நின்றார்.

"சிரிக்காதீங்க. தப்பு என்னுதுதான். ரிப்பேர்க்காரங்களை நான் மறுபடி கூப்பிடவே இல்ல. நாளைக்கே வரச் சொல்றேன்மா."

வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்பா என்னிடம் பேசவில்லை. கோபமா, வெட்கமா, தெரியவில்லை. புத்தகங்களில் எவ்வளவோ படித்திருக்கிறேன். பதவியில் இருப்பவர் எழுந்து நின்று பதில் சொல்வதை இன்றுதான் நேரில் பார்த்தேன். உங்களை நினைத்தால் பெருமையாக இருக்கிறது என்று காலையில் அவரிடம் சொல்ல வேண்டும். ஒரு மகள் அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.