மதியம் ஒன்று முதல் ஐந்து வரை

மார்ச் 3, செவ்வாய்

நூலகக் குழுவில் என்னைச் சேர்த்தது நான் படிப்பாளி என்பதற்காக அல்ல. பைப் கடையை ஒற்றை ஷட்டரிலிருந்து மூன்று ஷட்டராக்கியவனுக்கு வரவு செலவு தெரியும் என்று குழுத் தலைவர் நினைக்கிறார். தெரியும்தான். போன வருடம் கொடுத்த நிதியேதான் இந்த வருடமும். நூலகர் அம்மாவுக்கோ ஆசை பெரிசு. இரவு ஒன்பது வரை திறக்க வேண்டுமாம், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே புத்தகம் அனுப்ப வேண்டுமாம். நியாயமான ஆசை. காசு?

மார்ச் 6, வெள்ளி

வழி கிடைத்துவிட்டது. எந்த நேரத்தில் எத்தனை புத்தகம் வெளியே போகிறது என்று கேட்டு வாங்கிப் பார்த்தேன். மதியம் ஒன்று முதல் ஐந்து வரை ஈ ஓட்டுகிறார்கள். அந்த நேரத்தில் பூட்டிவிட்டு, அதே ஆட்களை வைத்து மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை திறக்க வேண்டியதுதான். கூட்டத்தில் சொன்னேன். தலைவர் மேசையைத் தட்டினார். நூலகர் அம்மா மட்டும், "மதியத்துல வர்றவங்க எடுத்துட்டுப் போக வர்றதில்ல சார், உட்கார வர்றாங்க" என்றார்.

"அது நகராத சரக்கும்மா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வெள்ளி ஓட்டெடுப்பு.

மார்ச் 10, செவ்வாய்

அந்த அம்மா சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. நேரில் பார்த்துவிடலாம் என்று மதியம் போனேன். வாசிப்பறையில் ஏழெட்டுப் பேர். ஜன்னலோர நாற்காலியில் என் மனைவி.

தையற்கடைக்குப் போகிறேன் என்றுதான் சொல்லுவாள். கையில் தடித்த நாவல். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி, சொகுசாக — வீட்டில் அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பார்க்கிற நேரத்தில் நான் வீட்டில் இருந்திருக்கிறேனா?

வந்த வழியே கடைக்குத் திரும்பிவிட்டேன்.

மார்ச் 11, புதன்

சாப்பிடும்போது கேட்டே விட்டேன். "ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா?"

மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து போகிறாளாம்.

"இங்க பேச ஆளில்ல. அங்க பேசக் கூடாதுன்னு போர்டே மாட்டியிருக்கு. அதனால குறையாத் தெரியல."

தட்டை எடுத்துக்கொண்டே, "நகராத சரக்கு வழி விடுது, போய்க் கை கழுவுங்க" என்றாள்.

எவன் போய் இவகிட்ட சொன்னது? கூட்டத்தில் அந்த வார்த்தையைச் சொன்னது நான்தானே. எவனைத் திட்ட?

மார்ச் 13, வெள்ளி

என் திட்டத்தை நானே எதிர்த்தேன். "வீடுகளுக்குப் புத்தகம் கொண்டுபோக என் லோடு ஆட்டோவைத் தர்றேன், டீசலும் என்னுது. அதுக்கு ஒதுக்கினதுல மிச்சமாகிற பணத்துல மதியமும் திறந்து வைங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அண்ணே, உங்க கணக்கை நம்பித்தான் நாங்க ஒத்துக்கிட்டோம். இப்ப நீங்களே வேணாங்கறீங்க. அண்ணிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டீங்களா?"

சிரிப்பு. எதிர்த்துக் கை தூக்கியது நான் ஒருத்தன். நூலகர் அம்மாவுக்கு ஓட்டு கிடையாது. மதியத்தையும் மூடினார்கள், ஆட்டோவையும் வாங்கிக்கொண்டார்கள். பேரம் பேசப் போய்ச் சரக்கையும் விலையையும் விட்டுவிட்டு வந்தது என் வியாபாரத்தில் இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 2, வியாழன்

மதியம், நூலகத்தின் பூட்டிய கேட்டுக்கு முன்னால் ஒரு பெரியவர். "இன்னைக்கு லீவா தம்பி?" என்றார்.

ஆமாம் என்றேன். ஆமாமாம்!

ஏப்ரல் 9, வியாழன்

எட்டு மணிக்கு வந்தால் வீடு பூட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்தேன். சாயங்கால வாசிப்பறையில் பிள்ளைகள் சத்தம் தாங்கவில்லை என்று திட்டிக்கொண்டே தினமும் போகிறாள். சாப்பாட்டை மூடி வைத்திருந்தாள். தொடவில்லை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன்.

ஒன்பதேகாலுக்கு வந்தாள். "இன்னுமா சாப்பிடல?"

"நீ வரட்டும்னுதான்."

ஒரு மாதிரி பார்த்தாள். ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "என்ன கதை படிக்கிற?" என்றேன். சொல்ல ஆரம்பித்தாள். தீவில் ஒரு கலங்கரை விளக்கம், அதைக் காக்கிறவன், அவன் பெண்டாட்டிக்குப் பிரசவ வலி, மருத்துவச்சியை ஏற்றிவர வேண்டிய படகு. எனக்குச் சாப்பிட்ட கை காய்ந்துவிட்டது, அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். திடீரென்று நிறுத்தினாள்.

"அப்புறம்?"

"அதுக்குள்ள மணியடிச்சு மூடிட்டாங்க."

காலையில் இரண்டு லோடு இறங்குகிறது. தூங்க வேண்டும். அந்தப் படகு வந்துதா, இல்லையா?