உள்பக்கம் திரும்பிய பூ

சோஹார், ஓமன்
பிப்ரவரி 2007

நம் பிள்ளையின் அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. உடைந்த ஞானஸ்நானத் தொட்டியின் துண்டுகளைப் புது மாதா கோயில் சுவரில் ஞாயிறுதோறும் தேடுவதாக எழுதியிருந்தாய். பூ செதுக்கிய துண்டு மட்டும் காணவில்லை என்றாய். பிள்ளையின் தலையில் ஊற்றிய தண்ணீர் அந்தப் பூவில்தான் வழிந்தது என்று முன்பும் எழுதியிருந்தாய்.

இங்கே சாப்பாடு பரவாயில்லை. வெயில் இன்னும் ஏறவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமைப் பூசையில் ஒரு குழந்தைக்கு எவர்சில்வர் கிண்ணத்தில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். நான் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன். இனியும் உன்னிடம் மறைக்க முடியாது.

நம் மகளை அடக்கம் செய்து பத்து நாள் கழித்துத்தான் எனக்கு லீவு கிடைத்தது. அப்போது வீட்டுக்கு ஓர் ஆள் என்று ஊரார் எல்லாம் கோயில் கட்டும் வேலைக்குப் போனோமே, அன்று நடந்தது இது.

"மந்திரிச்ச கல்லு, வெளிய போடக்கூடாது. சுவத்துல வச்சிக் கட்டுங்க" என்றார் சாமியார். பூக்கல் என் கைக்கு வந்தது.

"பூ வெளிய தெரியட்டும்யா" என்றார் மேஸ்திரி.

"செதுக்கின பக்கம் உள்ள இருந்தாத்தான் கலவை பிடிக்கும்ணே" என்றேன். கல்ஃப் கொத்தன் சொன்னால் எதிர்ப்பேச்சு ஏது?

கலவைக்காக இல்லை. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. நீ பார்க்க விரும்புவாய் என்று அன்று தோன்றவே இல்லை.

வடக்கு வாசலுக்கு இடப்புறம், உன் தோள் உயரத்தில், முனை உடைந்த மொட்டைக்கல் ஒன்று இருக்கும். அதில் கை வை. பூ அதன் பின்னால் இருக்கிறது.

அவளை ஒருநாளும் தூக்காத
அப்பன்