தேவியின் சாப்பாட்டு ட்ரே

8 செப்டம்பர், திங்கள்
விடியும்போதே புழுக்கம். மீஞ்சூரில் ரயில் தாமதம். நடைமேடையில் உட்கார்ந்து எழுதியது. இந்த வாரம்:

1. சிறப்புக் கல்வி பி.எட்., கற்பித்தல் பயிற்சி. கும்மிடிப்பூண்டி மையம். எனக்குத் தந்த மாணவி தேவி. வயது 24, அறிவுசார் குறைபாடு.
2. கற்பிக்க வேண்டியது: சாப்பாட்டு ட்ரே தயார் செய்தல். தட்டு, கிண்ணம், டம்ளர், கரண்டி, பழம்.
3. வெள்ளியன்று தேர்வாய் கண்டிகை ஆலை ஒன்றின் கேன்டீன் மேலாளர் வருகிறார். திருப்தி என்றால் தேவிக்கு அங்கே வேலை.
4. நான் பக்கத்தில் இல்லாமல் அவளால் முடியாது. கூடவே நிற்க மேலாளரிடம் சலுகை கேட்கவும். (எப்படிக் கேட்பது?)

அறுபத்து நான்கு வயதில் எனக்கு முதல் மாணவி!

மாலை. தேவி என் வழுக்கையைத் தடவி, "முடி எங்க போச்சி?" என்றாள். உடன் படிக்கும் நிஷா: "வைவாவுல மொத கேள்வியே அவுட்டா அங்கிள்!"

பாடம் நன்றாகவே போனது. ஒவ்வொரு பொருள் வைத்ததும் "சரியா?" என்பேன். "சரி" என்பாள். அடுத்ததை எடுப்பாள்.

10, புதன்
தூறல். குடை மையத்திலேயே.
தேவி ஐந்தையும் பிழையின்றி வைத்தாள்! பேராசிரியை பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு தடவை நீங்க வாயத் திறக்காம இருங்க சார்."
திறக்கவில்லை. தேவி தட்டை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்து நின்றாள். கை நகரவில்லை.
இன்னொருவர் சரி என்ற பிறகே அடுத்த அடி வைக்கும் வழக்கம் என்னுடையது. அதையும் சேர்த்துக் கற்பித்துவிட்டேன்.

11, வியாழன்
"சரியா?" நிறுத்தம். வெறும் தலையசைப்பு. பிறகு அதுவுமின்றி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். கிண்ணம் வைத்ததோடு நின்றுவிட்டாள்.
தேவியின் அம்மா எஸ்தர், ஷிஃப்ட் முடிந்து நேராக: "நாளைக்கு நடக்குமா சார்? நான் வேலைக்குப் போனா இவ ஊட்டுல கதவையே பாத்துக்கினு குந்தினுகீறா."
"முயற்சி செய்வோம்" என்றேன்.
"இன்னா சார், டாக்டரு மாதிரி சொல்றீங்க!"
தேவி: "அம்மா, நீ சும்மா இரு."

12, வெள்ளி
நல்ல வெயில்.
சலுகை கேட்க வாயெடுத்தேன். மேலாளர் முந்திக்கொண்டார். "பக்கத்துல நின்னு சொல்லிக்கினு இருக்க எங்க ஆளுங்களுக்கு டைம் இல்ல சார். நீங்க வெளிய இருங்க."
வெளியே. எஸ்தர் கண்மூடி ஜெபம்.
தட்டு வைக்கும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. உள்ளே போகக் காலெடுத்தேன். எஸ்தர் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.
தேவியின் குரல்: "சரியா?"
அவளே: "சரி." கிண்ணம்.
"சரியா? சரி." டம்ளர்.
மேலாளர்: "யாராண்டமா பேசிக்கினுகீற?"
"என்னாண்ட."
கரண்டி. பழத்துக்குச் சத்தமில்லை, வைத்திருப்பாள். இதோ, அடுத்த ட்ரேயில் தட்டு!
திங்கள் முதல் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். எஸ்தர் அழுகிறார், சிரிக்கிறார். நிஷா விசிலடித்துப் பேராசிரியையிடம் திட்டு வாங்கினாள்.
திங்களன்று எழுதிய பட்டியலில் எண் 4 தவறு.