பெண் வீட்டார்

காம்பார்
8.3.1926

அன்புள்ள அண்ணருக்கு,

இங்கே நான் சுகம். மச்சாளுக்கு இருமல் விட்டதா? மல்லி அவித்துக் கொடுங்கள். சங்கச் செயலாளர் அடுப்படிக்குள் போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

என் வீட்டில் இப்போது காளியம்மா என்றொரு பெண் இருக்கிறாள். பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். புருஷன் மாயாண்டி விறகுக்கட்டையால் அடித்து இடது கையை முறித்துவிட்டான். தோட்டத்தில் யாரிடம் சொன்னாலும் "புருஷன் பொஞ்சாதி விவகாரம்" என்று அனுப்பிவிட்டார்களாம். இந்த நாட்டில் அவளுக்குச் சொந்தமென்று ஒருவருமில்லை. நான் படிப்பிக்கிற பள்ளிக்கூட வாசலில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

இவளைப்போல இன்னும் எத்தனையோ பேர். ஈப்போவில் உங்கள் சங்கக் கட்டடத்துப் பின்னறை சும்மாதானே கிடக்கிறது? அதை இப்படிப்பட்ட பெண்களுக்கு ஒதுக்க வேண்டும். இவர்களுக்குப் பாதுகாப்புக் கேட்டு அரசாங்கத்துக்கும் ஒரு மனு எழுதி எல்லோரும் கையொப்பமிட வேண்டும். கூட்டத்தில் பேசுங்கள். டென்னிஸ் வலைக்காக ஒரு மணி நேரம் பேசினவர்தானே நீங்கள்!

உங்கள் தங்கை
ஞானம்மா

ஈப்போ
22.3.1926

அன்புத் தங்கச்சி ஞானம்,

உன் மச்சாள் சுகம். மல்லியை நான்தான் அவித்தேன். சட்டி அடிப்பிடித்துவிட்டது.

உன் விஷயத்தைக் கூட்டத்தில் எடுத்தேன். "ஓடிப்போனவளுக்குச் சங்கத்தில் அறையா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். தோட்டத்துச் சண்டையில் நம் பெயர் அடிபட்டால் வேலை பார்க்கிற கந்தோரில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது என்றார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கோபிக்காதே.

ஆனால் சும்மா இருக்கவில்லை. அவள் உன்னிடம் இருப்பதாக அந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணிக்கு எழுதியிருக்கிறேன். புருஷனோடு வந்து சமாதானமாகக் கூட்டிப்போவார். பிரிந்த குடும்பம் சேர்ந்தால் புண்ணியம் உனக்குத்தான்.

அன்புடன்
ஸ்கந்தராஜா

காம்பார்
5.4.1926

அண்ணருக்கு,

வந்தார்கள். கங்காணி கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. பின்னால் மாயாண்டி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வீட்டுக்கு வந்தவர்கள் வெற்றிலை நீட்டினால் நாங்கள் என்ன செய்வோம்? அம்மா பழக்கின பழக்கம், மரியாதைக்கு இரண்டு கையாலும் வாங்கிவிட்டேன். உட்காரச் சொல்லித் தேத்தண்ணி போட உள்ளே போனேன்.

திரும்பி வந்தால் காளியம்மா துணிமூட்டையோடு நிற்கிறாள். எங்கே போகிறாய் என்றேன்.

"நீங்கதான தட்டை வாங்கிட்டீங்க அம்மா. பொண்ணு வீட்டுக்காரங்க வாங்கிட்டா பேச்சு முடிஞ்சிச்சு. எனக்கு வேற யாரு இருக்கா?"

அவள் அழக்கூட இல்லை. எனக்கே தெரியாமல் என்னைப் பெண் வீட்டாராக நினைத்திருக்கிறாள், அண்ணர். கத்தினேன், வழியை மறித்தேன். தட்டை வாங்கினபின் பேச்சில்லை என்று கங்காணி கூட்டிப்போய்விட்டான்.

நேற்றுச் சந்தையில் தோட்டத்துச் செல்லாயியைக் கண்டேன். மாயாண்டி மறுபடி அடிக்கிறானாம். "பொண்ணு வீட்டு ஆம்பளை ஒருத்தரு எல்லாரும் பாக்க தட்டைத் திருப்பிக் கொடுத்தா அவளை விட்டுருவாங்கம்மா. பொம்பளை கொடுத்தா செல்லாது" என்கிறாள்.

என் அவர் உயிரோடு இருந்தால் உங்களைக் கேட்கமாட்டேன். எழுதினது நீங்கள், வாங்கினது நான். உங்கள் மேல் கோபம், என் மேல் அதைவிடக் கோபம். வருவீர்களா?

ஞானம்மா

ஈப்போ
8.4.1926

ஞானம்,

உன் கடிதத்தை உன் மச்சாளுக்கு வாசித்துக் காட்டினேன். "ஞானத்தின்ரை கையை ஒருத்தன் முறிச்சிருந்தா, அவள் இருக்கிற இடத்தை அவனுக்கு எழுதியிருப்பீங்களோ?" என்று கேட்டாள்.

நேற்றுச் சங்கத்தில் மறுபடி கேட்டேன். முடியாதென்றார்கள். அறைக்கும் மனுவுக்குமாக அடுத்த கூட்டத்திலும் கேட்பேன், அதற்கடுத்ததிலும் கேட்பேன். மனுவில் என் கையொப்பமும் உன் மச்சாளின் கையொப்பமும் விழுந்துவிட்டன. தோட்டத்துக்குப் போனால் செயலாளர் பதவி இருக்காது என்றார் தலைவர். போகட்டும்.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். தட்டை எடுத்து வை. நான் அவளுக்கு என்ன உறவு என்று கங்காணி கேட்பான். காளியம்மா திகைத்துப்போகக் கூடாது. அதனால் செல்லாயியிடம் இப்போதே சொல்லியனுப்பு: அவளுடைய அண்ணன் வருகிறான்.

ஸ்கந்தராஜா