மூன்று வரி வீட்டுப்பாடம்

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா போன பிறகு எட்டு மாதமாக உனக்கு நான் எழுதவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம்தான். மறைப்பானேன்?

இங்கே மகள் வீட்டில் ஒரு குறையும் இல்லை, பேச ஆள் இல்லாததைத் தவிர. அதனால் இரண்டு வேலை தேடிக்கொண்டேன். செவ்வாயும் வியாழனும் பழைய துணி சேகரிக்கும் கூடத்துக்குப் போகிறேன். சம்பளம் கிடையாது. உடுத்தக்கூடியதை ஒரு பக்கமும், கிழித்துப் பஞ்சாக அரைக்கப் போவதை மறுபக்கமும் பிரித்துப் போட வேண்டும். மற்ற நாட்களில் இந்த ஊர் மொழி படிக்க வகுப்பு. முப்பத்திரண்டு வருடம் வீட்டுப்பாடம் கொடுத்தவளுக்கு இப்போது வீட்டுப்பாடம்! சிரி, சிரி.

ஆளுக்கொரு புதுச் சொல் கொடுத்திருக்கிறார்கள். பொருள் என்ன, யார் சொல்வார்கள், ஓர் எடுத்துக்காட்டு, எல்லாம் மூன்று வரிக்குள். மே மாதம் கொடுத்தால் போதும். எனக்கு வந்தது 'ஃபாஸ்ட் ஃபேஷன்'. "சீக்கிரமா மாட்டிக்கிற துணியா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது.

இருபது வருடமாகத் துணி ஏற்றுமதிக் கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசராக ஒரு தம்பி இருக்கும்போது நான் ஏன் அகராதியைப் புரட்ட வேண்டும்? எடுத்துக்காட்டோடு எழுது. அது இல்லாமல் எனக்கு எதுவும் மண்டையில் ஏறாது.

உன் அன்பு அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் ஒரு நாள் முழுக்கச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். திட்டியிருப்பாய் என்று பயம். வீட்டுப்பாடம் என்றதும்தான் உயிர் வந்தது.

முதலில் பொருள். முன்பெல்லாம் ஒரு சட்டையை வரைந்து, தைத்து, கடைக்கு அனுப்ப ஆறு மாதம் ஆகும். இப்போது யாரோ ஒரு நடிகை ஒன்றைப் போட்டு நிற்கிற படம் வந்தால், பதினான்காம் நாள் அதே மாதிரி மலிவாகக் கடையில் தொங்க வேண்டும். வாங்குகிறவர்கள் நாலு தடவை போடுவார்கள். அதற்குள் வேறு மாதிரி வந்துவிடும். துவைத்தால் தாங்குமா என்று அவர்கள் கேட்பதில்லை, தாங்குகிற மாதிரி நாங்கள் தைப்பதும் இல்லை.

யார் சொல்வார்கள் என்றால், எங்கள் தளத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். நாங்கள் 'அவசரம்' என்போம். ஆர்டர் கொடுக்கிற கம்பெனிக்காரர்கள் 'புது வரவு' என்பார்கள். ஃபாஸ்ட் ஃபேஷன் என்பது அதைத் திட்டுகிறவர்கள் வைத்த பெயர்.

எடுத்துக்காட்டு போன வருடம் தைத்த அந்த மஞ்சள் சட்டைதான். இடது தோளில் ஒரு முடிச்சு இருக்கும். முடிச்சு ஒன்றுக்கு நாற்பது விநாடி கொடுத்தார்கள். அந்த ஆர்டரின் பதின்மூன்றாம் நாள்தான் அம்மா போனது. பக்கத்து வீட்டு நர்ஸம்மா இரண்டு தடவை போன் பண்ணினார்கள். லீவு கேட்டேன், விடவில்லை. முன்பே உனக்குச் சொன்னதுதான். ஒரே ஆறுதல், கடைக்குப் போன நாலே நாளில் அத்தனையும் விற்றுத் தீர்ந்ததாம்.

விடுமுறைக்கு வா அக்கா. தனியாக எவ்வளவு நாள்தான் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவது? அம்மா அறையை நான் பூட்டவில்லை.

உன் தம்பி


ஏப்ரல் 8

அன்புள்ள தம்பிக்கு,

நீ பேசாமல் வாத்தியார் வேலைக்கு வந்திருக்கலாம். ஒரே வாசிப்பில் எனக்குப் புரிந்தது.

ஒரு நல்ல செய்தி. நேற்று பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் சட்டை, இடது தோளில் முடிச்சு! எனக்குக் கை கால் ஓடவில்லை. "எங்கேம்மா வாங்கினே?" என்று அரைகுறை மொழியில் கேட்டேன். "போன வருஷம் வாங்கினது. எனக்கு ரொம்பப் பிடிச்ச சட்டை" என்றாள். என் தம்பி தைத்தது என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் அவள் இறங்கிவிட்டாள்.

அந்த நாள் வீண்போகவில்லை என்று நினைத்துக்கொள். உன்னை விடவில்லை, நீ என்ன செய்வாய்? நான்தான் தொலைவில் உட்கார்ந்துகொண்டு உன்மேல் பாரத்தை ஏற்றிவிட்டேன்.

ஜூன் கடைசியில் வருகிறேன். மகள் டிக்கெட் எடுத்துவிட்டாள். திரும்பி வருவதா, அங்கேயே உன்னோடு இருந்துவிடுவதா என்பதை நேரில் பேசிக்கொள்ளலாம். அம்மா அறையை ஒட்டடை அடித்து வை. சாக்குச் சொல்லாதே, உன்னை எனக்குத் தெரியும்.

உன் அன்பு அக்கா


ஏப்ரல் 27

அக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஒட்டடை அடித்துவிட்டேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

அந்தச் சட்டையை யாரும் போட்டிருக்க முடியாது அக்கா. அது கடைக்கே போகவில்லை. பதின்மூன்றாம் நாள் மதியம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "வேற கம்பெனி இதே மாதிரி சட்டையை நேத்தே கடைக்கு விட்டுட்டான். நம்ம சரக்கு நேரா கிடங்குக்குத்தான். ஆனா எண்ணிக்கையை முடிச்சாத்தான் நமக்குப் பணம். லைன்ல மூச்சு விடாதே, கை தளர்ந்துடும்" என்றார்.

நர்ஸம்மாவின் முதல் போன் அதற்கப்புறம்தான் வந்தது. "உங்கம்மா உன்னையே கேட்கறாங்க, வந்துட்டுப் போ" என்றார்கள். நான் லீவு கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருப்பார்கள். எழுபது பேர் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்தால் என் முகத்தைப் பார்த்தே தைப்பது வீண் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்தேன். "ஒரு மணி நேரத்துல வர்றேன்" என்று சொல்லிவிட்டு, நானும் உட்கார்ந்து முடிச்சுப் போட்டேன். நாற்பது விநாடிக்கு ஒன்று. இரண்டாவது போன் வந்தபோது அம்மா இல்லை.

நீ அந்தப் பெண்ணை எனக்காக உண்டாக்கியிருக்கிறாய். நீ திட்டியிருந்தால் இதை நான் கடைசிவரை சொல்லியிருக்க மாட்டேன். நல்லது சொல்லிவிட்டாய், தாங்க முடியவில்லை.

நீ வருவாய்தானே?

தம்பி


மே 20

தம்பிக்கு,

பஸ்ஸில் யாரும் இல்லை. உன் மார்ச் கடிதம் வந்த அடுத்த வியாழக்கிழமை எங்கள் கூடத்துக்கு நாற்பது சாக்கு வந்தது. எல்லாம் மஞ்சள், எல்லாம் விலை அட்டையோடு. கம்பெனி பெயரை வெட்டிவிட்டு அனுப்பியிருந்தார்கள். "பிரிக்க வேண்டாம், எல்லாம் அரைக்கத்தான்" என்றார் பொறுப்பாளர். என் கையாலேயே அந்தப் பக்கம் தள்ளினேன். ஒன்றை மட்டும் எடுத்து முடிச்சைத் தடவிப் பார்த்தேன்.

உன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்துத்தான் அந்தப் பொய்யை எழுதினேன். ஏமாந்த தம்பியோடு ஒரே வீட்டில் இருந்திருப்பேன். இதோடு எப்படி இருப்பது என்று இரண்டு வாரமாக யோசிக்கிறேன். எனக்கு வழி தெரியவில்லை.

நேற்று வீட்டுப்பாடத்தைக் கொடுத்தேன். பொருள் ஒரு வரி. யார் சொல்வார்கள் என்பது ஒரு வரி. மூன்றாவது வரி, நீ சொன்ன எடுத்துக்காட்டு: 'பதின்மூன்று நாளில் தைத்த ஒரு மஞ்சள் சட்டையை, யாரும் போடாமலே அரைத்துவிட்டார்கள்.' அம்மாவை எழுத வரி இல்லை. நன்றாக இருக்கிறது என்று குறி போட்டுக் கொடுத்தாள், என் பழைய மாணவிகள் வயதுகூட இல்லாத டீச்சர்.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொள். அம்மா அறையைப் பூட்டிவிடு.

அக்கா