வெறும் வயிற்றில் போட்ட மாத்திரைகள்

அனுப்புநர்
து. அருள்ராஜ், எம்.ஏ., பி.எட்.,
(முன்னாள் வரலாற்று ஆசிரியர்)
தேவாலயத் தெரு, சேவூர்,
ஆரணி வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்,
திருவண்ணாமலை மாவட்டம்.

பொருள்: உண்ணிக் கடியால் வந்த லைம் நோய்க்கு என் மனைவி எடுத்துக்கொண்ட மாத்திரைகள் தவறான ஆலோசனையால் பயனற்றுப் போனது – வலியும் குமட்டலும் தாளாமல் அவர் மறு சிகிச்சையை மறுப்பது – கிராம சுகாதார செவிலியர் நேரில் வந்து சரியான முறையைச் சொல்ல உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மாவட்ட அலுவலகங்களுக்கு என் கையெழுத்து புதிதல்ல. சாக்கடைக்காகவும் தெருவிளக்குக்காகவும் பேருந்து நிறுத்தத்துக்காகவும் எழுதியிருக்கிறேன். சிலவற்றுக்குப் பரிசீலனையில் உள்ளதாகப் பதில் வந்தது. மற்றவற்றுக்கு அதுவும் வரவில்லை. எதையும் நான் மறக்கவில்லை. ஆனால் அவை காத்திருக்கும். இந்த மனு வரும் திங்கட்கிழமைக்கு மேல் காத்திருக்காது. நேரமில்லை என்றால் தாங்கள் கடைசிப் பத்திகளை முதலில் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

1. என் மனைவி ஃப்ளோரன்ஸ், வயது நாற்பத்தெட்டு, வீட்டுக் குழித்தறியில் பட்டுச்சேலை நெய்கிறார். பட்டும் ஜரிகையும் முதலாளி பொன்னுசாமி கொடுப்பவை. நான் வேலை பார்த்த தனியார் பள்ளியின் தாளாளர் தன் மருமகனுக்கு இடம் தேவைப்பட்டதால் என்னை வெளியே அனுப்பினார். அன்று முதல் அந்த ஒரு தறியை நம்பித்தான் எங்கள் குடும்பம் இருக்கிறது. பள்ளியைப் பற்றி இங்கே மேற்கொண்டு எழுதப்போவதில்லை.

2. கடந்த ஏப்ரலில் எங்கள் மகள் சாராவின் பிரசவத்துக்காக என் மனைவி வயநாட்டில் உள்ள எஸ்டேட் குடியிருப்பில் தங்கியிருந்தார். விறகு பொறுக்கப் போன இடத்தில் உண்ணி கடித்திருக்கிறது. தொடையில் சிவந்த வட்டம் ஒன்று தோன்றி நாளுக்கு நாள் பெரிதானது. படர்தாமரை என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார். பிறகு ஜுரம் வந்தது. அதன் பின் வலது முழங்கால் இளநீர்க்காய் போல வீங்கி, தறியின் மிதிப்பலகையை அழுத்த முடியாமல் போயிற்று. வேலூரில் ஒரு மருத்துவர் ரத்தப் பரிசோதனை செய்து இது லைம் நோய் என்று கண்டுபிடித்தார். நான்கு வாரங்களுக்கு, காலை ஒன்றும் இரவு ஒன்றுமாக, டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதினார். எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இம்மாத்திரை கிடைத்தது. சாப்பிட்ட பிறகு போட வேண்டும் என்று வேலூர் மருத்துவர் சொன்னதை என் மனைவி காதில் வாங்கியிருக்கிறார். அச்சமயம் நான் வெளியே டோக்கன் கொடுப்பவரிடம் அவருடைய கடமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

3. மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு நாட்களில் மூட்டு வலி கூடியது, உடம்பு நடுங்கியது. கிருமி சாகும்போது அப்படி ஆகலாம் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அதன் பிறகு குமட்டல் தொடங்கியது. மாத்திரை உள்ளே போன சிறிது நேரத்தில் வாயில் எச்சில் ஊறும், நெற்றி வியர்க்கும், சோற்றின் ஆவி பட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். இதைத் தாங்க அவர் செய்யாதது இல்லை. சுக்கை வாயில் அடக்கிக்கொண்டார். எலுமிச்சம்பழத்தைக் கீறி முகர்ந்தார். முழங்காலுக்கு நான் உப்பு ஒத்தடம் கொடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு பாமாலை பாடினார். நான் வைத்த ரசம்தான் குமட்டலுக்குக் காரணம் என்றும் ஒரு முறை சொன்னார். விசாரணைக்கு வருபவரிடம் அதையும் சொல்லக்கூடும் என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

4. இங்கே தாங்கள் அறிய வேண்டியது தறியைப் பற்றி. குழித்தறியில் உட்காருபவரின் வயிற்றுக்கு நேராக, நெய்த துணியைச் சுற்றிக்கொள்ளும் கட்டை இருக்கும். ஒவ்வொரு முறை குனியும்போதும் அது வயிற்றில் அழுந்தும். நல்ல உடம்புக்கு அது ஒன்றுமில்லை. குமட்டுகிற உடம்புக்கு அது பெரும் தண்டனை. அத்துடன், முகத்துக்கு நேர் கீழே விரிந்திருப்பது ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கான பட்டு. ஒரு துளி பட்டால் கறை போகாது. சேலை முழுதும் வீண். என் மனைவி வலிக்குப் பயப்படவில்லை, ஐயா. பட்டின் மேல் வாந்தி எடுத்துவிடுவோமோ என்றுதான் பயந்தார். வாயைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு குமட்டலுக்கும் அடுத்த குமட்டலுக்கும் நடுவில் நெய்தார்.

5. இந்தப் பயத்தைத்தான் அவர் எங்கள் தெருவுக்கு வரும் கிராம சுகாதார செவிலியர் திருமதி புஷ்பலதாவிடம் சொன்னார். அவர் தந்த பதிலை, நான் பக்கத்து அறையில் இருந்து கேட்டபடியே எழுதுகிறேன்: "அக்கா, காலைல எதுவும் சாப்டாம மாத்திரய போட்டுகினு தறில உக்காருங்க. வயித்துல ஒண்ணுமே இல்லன்னா பட்டு மேல இன்னா வரப்போவுது?" நிலையத்தில் ஏற்கெனவே கொடுத்திருந்த சுண்ணாம்புச்சத்து மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை ஆகியவற்றையும் சேர்த்து, "எல்லாத்தயும் ஒரே வாட்டியா முழுங்கிடுங்க, மறக்காது" என்றார். வயிறு எரிகிறது என்று மறுவாரம் சொன்னபோது, அமிலத்தை அடக்கும் ரோஸ் நிற மருந்தையும் கூடவே குடிக்கச் சொன்னார்.

6. வாந்தியில் ஒன்றும் வரவில்லை என்பது உண்மை. பித்தம் மட்டும் வந்தது. தறியை விட்டு நீண்ட நேரம் எழக்கூடாது என்று தண்ணீரை இரண்டு மடக்குக்கு மேல் குடிக்கவில்லை. இரவு மாத்திரையைப் போட்ட கையோடு படுத்தார். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டி நெஞ்சைப் புண்ணாக்கிவிட்டது. புளியங்கொட்டை அடைத்துக்கொண்டது போல இருக்கிறது என்றார். பருக்கை இறங்கவில்லை; கஞ்சித் தண்ணீரில் நாட்களைத் தள்ளினார். காலையில் தெருவில் பாவு நூலை நீளவாக்கில் இழுத்துக் கட்டப் போனபோது பட்ட வெயிலில், கைகள் வெந்தது போல் சிவந்து தோல் உரிந்தது. இம்மாத்திரைக்கு வெயில் ஆகாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. இத்தனைக்கும் அவர் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை.

7. நான்கு வாரம் முடிந்து வேலூருக்குப் போனோம். முழங்கால் வீக்கம் வடியவில்லை. எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று மருத்துவர் கேட்டார். என் மனைவி பெருமையாகவே சொன்னார். மருத்துவர் தான் எழுதிய சீட்டை வாங்கி மறுபடி பார்த்தார். பிறகு, "அம்மா, மருந்த முழுங்கினீங்க. ஆனா அது உடம்புல சேரவே இல்ல" என்றார். சுண்ணாம்பு, இரும்பு மாத்திரைகளும் அமில மருந்தும் இம்மாத்திரையை வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொள்ளுமாம். நெஞ்சுப்புண் ஆறியதும், வரும் திங்கட்கிழமை காலை முதல் மறுபடி தொடங்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. இட்லியோ சோறோ சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். பாலில் போடக் கூடாது. அதன் பிறகு ஒரு மணி நேரம் படுக்கவும் கூடாது, குனிந்து தறியில் உட்காரவும் கூடாது. சத்து மாத்திரைகளைச் சில மணி நேரம் தள்ளித்தான் போட வேண்டும். வெயிலில் நிற்கக் கூடாது. குமட்டலுக்கு முன்கூட்டியே போட ஒரு மாத்திரையும் எழுதினார். விடாமல் எடுக்காவிட்டால் மூட்டு நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம் என்றும் சொன்னார்.

8. திரும்பும் பேருந்தில் என் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னது: "காலு போனாலும் சரி, இன்னொரு வாட்டி அந்த மாத்திரய தொடமாட்டேன்." நான் விளக்கினேன். முன்பு பட்டது மருந்தின் கொடுமை மட்டும் அல்ல, போட்ட முறையின் கொடுமை. சரியாகப் போட்டால் இவ்வளவு குமட்டாது என்றேன். "புஷ்பா அப்டி சொல்லலியே" என்றார். செவிலியர் சொன்னது தவறு என்று மருத்துவரே சொல்லிவிட்டாரே என்றேன். "நீங்க யார்கிட்டதான் சண்ட போடல? இப்ப அவகிட்டயுமா?" என்று கேட்டார். பேருந்தில் எங்களுக்கு முன் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

9. மறுநாள் சுகாதார நிலையத்துக்குச் சென்றேன். அன்று கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை நாள் என்பது எனக்குத் தெரியாது. திருமதி புஷ்பலதாவிடம் அவருடைய படிப்பைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் சில கேள்விகள் கேட்டேன். குரல் உயர்ந்திருக்கலாம். அவர் கையில் இருந்த ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, "சார், அக்காவுக்கு கஷ்டம்னு அவங்களா வந்து எங்கிட்ட சொன்னாங்க. எனக்கு தெரிஞ்சத சொன்னேன். பக்கத்து ரூம்ல கேட்டுகினு இருந்தீங்களே, அன்னிக்கே வந்து ஏன் சார் கேக்கல?" என்றார். இக்கேள்வி பிரச்சினைக்குத் தொடர்பில்லாதது என்பதால் நான் பதிலளிக்கவில்லை. அங்கிருந்த மருத்துவ அலுவலர் என்னை வெளியே அழைத்துவந்து, "பேஜார் பண்ணாதீங்க சார், எதுவா இருந்தாலும் மேல எழுதிக் குடுங்க" என்றார். அதன்படியே எழுதுகிறேன். அன்றிலிருந்து திருமதி புஷ்பலதா எங்கள் தெருவுக்கு வருகிறார். எங்கள் வீட்டைக் கடந்து போய்விடுகிறார்.

10. இடைப்பட்ட நாட்களில் மகள் சாரா தொலைபேசியில் அழுது பார்த்தாள். ஆயர் வீட்டம்மாள் வந்து ஜெபித்துவிட்டுச் சொல்லிப் பார்த்தார். ஒரே பதில்தான்: "புஷ்பா சிஸ்டர் வந்து சொல்லட்டும், பாக்கலாம்." முதலாளி பொன்னுசாமி ஒரு மாதத்துக்கு அவசர வேலை எதுவும் தருவதில்லை என்று ஒப்புக்கொண்டார்; அதுவும் பயன்படவில்லை.

11. இந்த நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. கொரோனா காலத்தில் நான் ஆக்ஸிஜன் வைத்துக் கிடந்தபோது, உறவினர்களே எங்கள் வாசலை மிதிக்காத நாட்களில், தினமும் வந்து நின்று என் மனைவிக்குத் தைரியம் சொன்னவர் புஷ்பலதா. உறவினர்கள் யார் யார் வரவில்லை என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வந்தவருக்கு நன்றி சொல்லும் சந்தர்ப்பம்தான் அமையாமல் போயிற்று.

12. இப்போது நிலைமை இதுதான். மாத்திரை வீட்டில் இருக்கிறது. எப்படிப் போட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நான் சொன்னால் என் மனைவி கேட்கமாட்டார். யார் சொன்னால் கேட்பாரோ அவரை நான் ஊர் பார்க்கத் திட்டிவிட்டேன். நான் போய் அழைத்தால் அவர் வருவாரா என்பது சந்தேகம். தாங்கள் உத்தரவிட்டால் வருவார்.

ஆகவே, வேலூர் மருத்துவர் சொன்ன முறையைத் திருமதி புஷ்பலதாவுக்கு மருத்துவ அலுவலர் மூலம் எடுத்துச் சொல்லச் செய்து, திங்கட்கிழமை காலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, முன்பு சொன்னது தவறாகிவிட்டது, இனி இப்படிப் போடுங்கள் என்று என் மனைவியிடம் தன் வாயால் சொல்லும்படி உத்தரவிட வேண்டுகிறேன். இந்த மாத்திரை பெறும் மற்ற நெசவாளர்களுக்கும் இம்முறையைச் சொல்லும்படி எல்லா செவிலியர்களுக்கும் அறிவுறுத்தினால் நல்லது. உண்ணி கடித்து வருபவர்களுக்கு மட்டும் அல்ல, வேறு ஜுரங்களுக்கும் இதையே கொடுக்கிறார்கள். எங்கள் தெருவில் அவர்களும் வெறும் வயிற்றோடுதான் தறியில் உட்காருகிறார்கள்.

திருமதி புஷ்பலதா மீது ஒழுங்கு நடவடிக்கை கோரி முன்னர் ஒரு மனு எழுதி வைத்திருந்தேன். அதை அனுப்பவில்லை. கைவிட்டுவிட்டதாகத் தாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மனைவியின் கால் சரியாகும் வரை ஒத்திவைத்திருக்கிறேன்.

செவிலியர் வரும் நேரத்தில் நான் வீட்டில் இருப்பது அவருக்குச் சங்கடமாக இருக்குமானால், எட்டு மணிக்கெல்லாம் இட்லியை அவித்து மூடி வைத்துவிட்டு, தண்ணீரையும் டம்ளரில் ஊற்றி வைத்துவிட்டு, பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விடுகிறேன். முதல் மாத்திரையை அவர் கையாலேயே கொடுக்கட்டும். என் மனைவி அதை விழுங்கிவிட்டார் என்று யாராவது வந்து எனக்குச் சொன்னால் போதும்; அதுவரை அங்கேயே நிற்பேன்.

தங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
து. அருள்ராஜ்

இடம்: சேவூர்
நாள்: 14.08.2025