நீ சொன்னபடி டைமிங் செயின்தான்

சூளகிரி,
11-8-1968

அன்பு மகன் சகாயநாதனுக்கு அப்பா ராயப்பன் எழுதுவது. தேவமாதா தயவில் நீ அசாமில் சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று வழக்கம்போல் எழுத எனக்குக் கை வரவில்லை அப்பா. உன் தங்கை மேரிராணிக்கு ஆண் குழந்தை பிறந்தது, பிறந்த அன்றே போய்விட்டது. பட்டாளத்தில் தனியாகக் கிடந்து தவிப்பான் என்று உன் அம்மாதான் தந்தி கொடுக்க விடவில்லை.

ஈஸ்டர் லீவில் வந்தபோது நம் பழைய மாரிஸ் வண்டியில் என்ஜின் முன்பக்கம் கடகடவென்று தட்டுகிறது, டைமிங் செயின் தளர்ந்துவிட்டது என்றாயே. ஒரு சத்தமும் இல்லை என்றேன். சந்தேகமானால் பேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் ஓடவிட்டுப் பார், அப்போதும் தட்டினால் செயின்தான் என்றாய். பட்டாள லாரி ஓட்டிவிட்டு வந்து எனக்கே பாடம் சொல்கிறாயா என்று சீறினேன். உன் வாயை அடைக்க, தட்டினால் பெல்ட்டாகத்தான் இருக்கும் என்று டைனமோவை நகர்த்தி, நன்றாக இருந்த பெல்ட்டையே இறுக்கி வைத்தேன். நீ பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய்.

போன செவ்வாய்க்கிழமை காலை மேரிராணிக்கு வலி கண்டது. அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரிக்குக் கிளம்பினேன். குருபரப்பள்ளி தாண்டி ஒரு மேட்டில் வண்டி டப்பென்று வெடித்து நின்றது, என்ன செய்தும் கிளம்பவில்லை. ரோட்டோரக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்த வெங்கடம்மாள் என்ற புண்ணியவதி ஓடிவந்து புளியமரத்தடியிலேயே பிரசவம் பார்த்தாள். குழந்தை நீலம் பாரித்திருந்தது. சாமியாருக்கு எங்கே போவது, ரேடியேட்டருக்கு வைத்திருந்த டின் தண்ணீரை உன் அம்மாவே தலையில் ஊற்றி ஆரோக்கியநாதன் என்று ஞானஸ்நானம் கொடுத்தாள். லாரி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் மூச்சு அடங்கிவிட்டது.

மெக்கானிக் கங்கப்பன் வண்டியை இழுத்து வந்து பிரித்தான். செயின் தொய்ந்து சக்கரத்தின் பல் தாண்டியிருந்தது, கவரின் உட்புறம் அது உரசிய தடம் பளபளவென்று தெரிந்தது. எத்தினி மாசமா தட்டியிருக்கும், உனக்குக் கேக்கலியாண்ணா என்றான்.

மேரிராணி என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் பொறுக்க முடியவில்லை. எம்புள்ள ஒரு தடவ அழுதான், நீயும் கேட்டியில்லப்பா என்று மட்டும் தினமும் கேட்கிறாள். ஆமாம் கண்ணு, கேட்டேன் என்கிறேன். இரண்டடி தள்ளித்தான் நின்றேன் சகாயம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் காது போய்விட்டது, முகம் பார்த்து உரக்கப் பேசினால்தான் புரிகிறது, உன் ஒருவனுக்குத்தான் சொல்கிறேன். இனி ஸ்டியரிங் தொடமாட்டேன். அன்றைக்கு உன்மேல் சீறியதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

மழைக் குளிரில் மார்பை மூடிக்கொள், ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன்னைக் காப்பாற்றட்டும். தங்கைக்குத் தனியாக நாலு வரி எழுது. அப்பாவுக்கு அந்த அழுகை கேட்கவில்லை என்பதை மட்டும் எழுதிவிடாதே.

உன் பாவப்பட்ட அப்பா,
ம. ராயப்பன்